பழைய கேமராவுக்கு ஒரு 50 எம்எம்

என்னுடையது கேனான் 1200டி. 2014ல் வந்த மாடல், நான் வாங்கியது அதற்கு வெகு நாள் கழித்து, செகண்ட் ஹேண்டில், கேமராவோடு வரும் சாதாரண லென்ஸான கிட் லென்ஸோடு சேர்த்து 12,000 ரூபாய்க்கு. பகலில் வெளியே எடுத்தால் படம் ஒழுங்காக வரும், வீட்டுக்குள் எடுத்தால் போன் படமே தேவலை என்று இருக்கும். கேமராதான் பழசு, மாற்ற வேண்டும் என்று ஆறு மாதம் புலம்பிக்கொண்டிருந்தேன். கோளாறு கேமராவில் இல்லை, லென்ஸில்.

அதைச் சரிசெய்தது கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் என்ற லென்ஸ். கேனானின் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று, எடை 160 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறையத் துளை பெரிது). இது எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பதரை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது, அதாவது ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400ல் புள்ளி புள்ளியாக வந்த அதே படத்தை 800க்குக் கீழேயே எடுத்துவிடலாம்.

முதல் சோதனை அண்ணன் மகள் காதுகுத்து. புது லென்ஸ் ஆசையில் எல்லாவற்றையும் 1.8லேயே எடுத்துத் தள்ளினேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற குழந்தையின் கண் அவ்வளவு துல்லியம், இமையில் நிற்கும் கண்ணீர் வரை தெரிகிறது, ஆனால் காதும் ஆசாரியின் கையும் மங்கல், துளையை அவ்வளவு திறந்தால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் குறைந்துவிடும். காதுகுத்துப் படத்தில் காதைக் காணோம்! அண்ணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பக்கத்தில் போய் எடுக்கும்போது 2.8, தேவைப்பட்டால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், 2.8லேயே படத்தின் கூர்மையும் நன்றாக ஏறிவிடுகிறது.

அன்றைக்குக் கற்ற இன்னொன்று, மண்டபத்து டியூப்லைட். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/250 நொடி என்று வைத்தேனா, ஒரு படம் பளிச், அடுத்த படம் மஞ்சளாக இருட்டு. ஒரு மினுக்கல் முழுதும் அடங்கும்படி 1/100க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. அதற்கும் கீழே இறக்கினால் கை நடுக்கம் படத்தில் விழுந்துவிடும், ஏனென்றால் இந்த லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது.

குறைகள் இன்னும் உண்டு. 1200டி மாதிரி சின்ன சென்சார் கேமராவில் இது 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும், நம் வீட்டு ஹாலில் முதுகு சுவரில் இடித்த பிறகும் நாலு பேருக்கு மேல் ஃப்ரேமில் அடங்க மாட்டார்கள். குடும்பப் படத்துக்குக் கிட் லென்ஸையே மாட்டுங்கள், விற்றுவிடாதீர்கள். முழுக்கத் திறந்து எடுத்தால் எவர்சில்வர் பாத்திர விளிம்பு, வெயிலில் மின்னும் நகை இதிலெல்லாம் ஊதாக் கோடு ஓடும். ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் ஓரளவு துடைத்துவிடலாம்.

இதையும் பழசாக வாங்கி நான் ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் காட்டிய லென்ஸைக் கடை வெளிச்சத்தில் மேலாகப் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். வீட்டில் பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திருப்பித் தரப் போனால் "நேற்று நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்றார், அவ்வளவுதான். பிறகு புதிதாகவே வாங்கினேன். கடலோர ஊரில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள், தோல் பையில் மாதக்கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஃப்ளாஷ் வாங்கவில்லை. ஜன்னல் ஓரம் ஆளை உட்காரவைத்து எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தின் இருட்டுப் பாதியில் வெளிச்சம் ஏறிவிடும், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற அட்டைதான்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அதனால், விலை குறைவு என்று தனக்குள்ளும் மோட்டார் இல்லாத 50 எம்எம் 1.8டி லென்ஸை வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கும் 1.8ஜி வாங்குங்கள்.