நுவரெலியாவில் மரம்தான் என் பிரச்சினை

கொழும்பு நண்பன் ஒருவன் ஏப்ரல் சீசனுக்கு மலைக்கு வருகிறான். "ஒரு நாள்தான் மச்சான் கோல்ஃப் விளையாட நேரம். நுவரெலியாவா, திகன விக்டோரியாவா?" என்று கேட்டிருக்கிறான். இரண்டு கோல்ஃப் மைதானங்களிலும் பல வருஷமாக விளையாடுகிறவன் நான் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

நுவரெலியா மைதானம் 1889இல் ஆரம்பித்தது. மொத்தம் 5,500 யார் சொச்சம்தான், பார் 70, அதாவது எல்லா ஹோலிலும் பந்தைக் குழியில் போட நல்ல ஆட்டக்காரனுக்கு ஆக வேண்டிய அடிகள். அட்டையில் அந்த நீளத்தைப் பார்த்துவிட்டு "இது சின்ன கோர்ஸ்தானே" என்று நினைப்பவர்கள் முதல் சில ஹோல்களிலேயே மாறிவிடுவார்கள். ஓடைகள் அங்கங்கே குறுக்கே போகின்றன. நீளம் குறைந்த ஒரு பார் 4 ஹோலில் ஓடைக்கு முன்னால் பந்தை நிறுத்தினால் இரண்டாவது அடி நீளமாகிறது, தாண்டி அடித்தால் விழும் இடம் ஒடுங்குகிறது. எதை எடுப்பது என்று முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நின்றே முடிவு செய்ய வேண்டும். பலத்தை விட யோசனைக்கு மதிப்புத் தரும் இப்படியான ஹோல்கள்தான் எனக்குப் பிடித்தவை. இருநூறு யார் அடிப்பவனும் இருநூற்றைம்பது அடிப்பவனும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து இரண்டாவது அடியை ஆடும்படி அந்த ஓடை செய்துவிடுகிறது. இதைப் புதிய மைதானங்களில் லேசில் காண முடியாது.

உயரமும் சேர்ந்து விளையாடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். காற்று மெல்லியது என்பதால் கொழும்பில் 150 யார் போகும் அயர்ன் மட்டை அடி இங்கே வெயில் நேரத்தில் 160ஐத் தாண்டும். காலையில் குளிர் பிடித்திருந்தால் அந்தக் கணக்கு குறையும், மழைக்குப் பிறகு புல் ஈரமாக இருந்தால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். பார் 3களில் எந்த மட்டையை எடுப்பது என்பது ஒவ்வொரு நாளும் புதுக்கேள்வி. அது எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சரி, இப்போது மரங்கள்.

சைப்பிரஸும் யூகலிப்டஸும் இரண்டு பக்கமும் சுவர் போல நிற்கின்றன. அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹோல் வடிவமைப்பு என்று பார்த்தால், தவறின் அளவுக்குத் தகுந்த தண்டனை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஃபெயர்வேயை (டீக்கும் குழிக்கும் நடுவே புல் கட்டையாக வெட்டிய பாதை) விட்டுக் கொஞ்சம் விலகினால் கொஞ்சம் கஷ்டம், நிறைய விலகினால் நிறைய கஷ்டம். இங்கே அப்படி இல்லை. இரண்டு யார் விலகிய பந்தும் இருபது யார் விலகிய பந்தும் ஒரே மரக்கூட்டத்துக்குள் போய், பக்கவாட்டில் தட்டி வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் கிடக்கின்றன. ஃபெயர்வேக்கு வெளியே நீண்ட புல்லில், அதாவது ரஃபில், நின்று துணிந்து ஒரு அடி அடித்து மீளும் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. கோல்ஃபில் ஆக இனிமையான கணம் அதுதான், அதை இந்த மரங்கள் பறித்துக்கொள்கின்றன. 2019இலிருந்து தொலைந்த பந்தைத் தேட விதி தரும் நேரமும் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்துவிட்டது. பைன் இலையும் யூகலிப்டஸ் பட்டையும் மூடிக்கிடக்கும் நிலத்தில் 3 நிமிடம் எந்த மூலைக்கு?

போன வாரம் நல்லாக அடித்த பந்து ஒன்று, ஃபெயர்வேயின் வலது பாதியில் விழுந்து நின்றது. கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் புல்தரைக்கு, போகும் கோட்டில் ஒரு கிளை. நான் கோபப்பட்டது அதற்காகத்தான். ஃபெயர்வேயில் நிற்கும் பந்துக்குக் கிரீன் தெரிய வேண்டாமா?

எனக்கு வழக்கமாக மட்டைப் பை தூக்கி வரும் கேடி அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "இடப்பக்கம் அடிச்சிருந்தா கிரீன் முழுசா தெரியும் சேர். வலப்பக்கம் நிக்கிற பந்து பாதிப் பந்துதான்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃபெயர்வேக்குள்ளேயே சரியான பக்கம், தப்பான பக்கம் என்று இருப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளம்தான். ஆனால் அந்த வித்தியாசத்தை ஓடையோ சரிவோ செய்தால் நான் வாய் திறக்க மாட்டேன். அவை அப்படியே இருக்கும். மரம் வருஷா வருஷம் வளரும், ஃபெயர்வே வளராது. ஹோலைப் போட்டவன் நினைத்த அகலமும் இன்று நாம் விளையாடும் அகலமும் ஒன்றாக இருக்க முடியாது. கீழ்க்கிளைகளை மட்டும் உயர்த்தி வெட்டினாலே போதும், தாழ்வாக ஒரு அடி அடித்துத் தப்பிக்க வழி பிறக்கும்.

விக்டோரியாவில் இந்தத் தொல்லை குறைவு. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்தது, பார் 73, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி பரந்து கிடக்கிறது. டிரைவரால் (ஆக நீளமாக அடிக்கும் மட்டை) மனம்விட்டு அடிக்கலாம், வழி தவறினாலும் திரும்பி வரலாம். ஆனால் வெயில் அதிகம், மேடு பள்ளம் அதிகம், நடந்தால் கால் கெஞ்சும். ஹோலுக்கு ஹோல் யோசிக்க வைப்பதில் நுவரெலியாவுக்குக் கீழேதான் என்பேன்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: விக்டோரியாவுக்குப் போ. ஹோல்களின் தரத்தை வைத்துத்தான் சொல்கிறாய் என்றால் நுவரெலியாதானே என்று கேட்பாய், தெரியும். ஒரே நாள் விளையாட வருகிறவன் அந்த நாளை மரத்தடியில் குனிந்தபடி கழிக்கக் கூடாது. அதையும் மீறி நுவரெலியாவுக்கே வருவதாக இருந்தால் காலை நேரமே எடு, பின்னேரம் மிஸ்ட் இறங்கிவிடும். டிரைவரை வீட்டில் வை. பழைய பந்துகளாக ஒரு டசின் கொண்டு வா, கேடி சொல்லும் பக்கத்துக்கே அடி.