இடுப்பு வலிக்கு ஸ்டெம் செல் ஊசினு லட்சத்துல காசு கேட்டா கட்டாதீங்க - எங்க ஊட்டுல நடந்தது

இந்த வாரக் கடைசில காங்கயம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல "இலவச முதுகுத்தண்டு முகாம்"னு பேப்பருக்குள்ள நோட்டீஸ் வெச்சு போட்டுருக்காங்க. ஆப்பரேசன் இல்லாம டிஸ்க் புதுசா வளரும், ஸ்டெம் செல் (புது செல்லா வளரக்கூடிய மூல செல்லு) ஊசி, அதே போட்டோ அதே வாசகம். பல்லடத்துல நாங்க மாட்டுனதும் இதே ஆளுங்ககிட்டத்தான். போறவங்க இத ஒருக்கா படிச்சுட்டு போங்க. பேரு போடலைங்க, புகார் நடந்துட்டு இருக்குது.

எங்க ஊட்டுக்காரரு சோமனூர் பக்கம் கூலிக்கு தறி ஓட்டறாரு. பாவு பீம் (நூல் சுத்துன கனமான உருளை) தூக்கி ஏத்தறது, இறக்கறது, நாள் முழுக்க சிமெண்ட் தரைல நிக்கறது, இடுப்பு வலி வருசக்கணக்கா இருக்குது. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்ததுல எல்4-எல்5ல டிஸ்க் பல்ஜ்னு வந்துச்சு, அதாவது இடுப்புல ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற தட்டு கொஞ்சம் பிதுங்கி இருக்குதுனு. அந்த ரிப்போர்ட்ட கொண்டுட்டுத்தான் முகாமுக்கு போனோம்.

அங்க டாக்டர பாத்தது சித்த நேரம்தான். மத்ததெல்லாம் கவுன்சிலர்னு ஒரு பொண்ணு, டேப்ல வீடியோ காட்டி டிஸ்க்கு பலூன் மாதிரி உப்பி வர்றத ஓட்டி விட்டா. ரிப்போர்ட்ட பாத்ததும் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு "இப்ப விட்டா கால் விளங்காம போயிருமுங்க அங்கிள், நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு சரியாயிருக்குங்க"ன்னா. ஒன்னே முக்கா லட்சம், இன்னைக்கே முன்பணம் கட்டுனா ஒன்னரை. கையில இல்லைனாலும் பரவால்ல, பக்கத்து டேபிள்லயே பைனான்ஸ்காரரு ஆதார் பான்கார்டு வாங்கி ஈஎம்ஐ போட்டுக் குடுக்க ஒக்காந்துருக்காரு. வைத்தியம் பாக்கற எடத்துல பைனான்ஸ் டேபிள் எதுக்குங்க?

அந்த "பல்ஜ்"ங்கற வார்த்தைய வெச்சுத்தான் பாதி பேர பயமுறுத்தறாங்க. வலியே இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்த ஆராய்ச்சிகள எல்லாம் சேத்து 2015ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு, பல்ஜ் மாதிரியே ரிப்போர்ட்ல வர்ற டிஸ்க் தேய்மானம் இருந்துருக்கு, 50 வயசுல 80 சதவீதம். ஒரு வலியும் இல்லாம தோட்டத்து வேலை பாத்துட்டு திரியறவங்களுக்கு. ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கறதுனால வலி அங்கிருந்துதான் வருதுனு சொல்லிர முடியாது. நெசமாவே அவசரம்னா அது வேற மாதிரி இருக்கும், ஒன்னுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறது, தொடை இடுக்குல மரத்துப்போறது, கால் பலம் கொறஞ்சுட்டே வர்றது, வலியோட காய்ச்சல். அப்படினா முகாமுக்கு இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஊசி போட்ட அன்னைக்கு காலைல கையில ரத்தம் எடுத்தாங்க, ஒரு மிசின்ல சுத்த விட்டாங்க, மஞ்சளா ஒரு தண்ணி வந்துச்சு, அத இடுப்புல போட்டு சாயங்காலமே ஊட்டுக்கு அனுப்பீட்டாங்க. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு, ஓய்வுல இருந்தாரு, தறிக்கு போகல. மறுபடி பீம் தூக்க ஆரம்பிச்சதும் வலி பழைய எடத்துக்கே வந்துருச்சு. போன் பண்ணுனா "பூஸ்டர் டோஸ் போடணுங்க மேடம், எழுவதாயிரம்"னாங்க.

அப்பத்தான் எங்க கொழுந்தனார் பொண்ணு ஊட்டுக்கு வந்திருந்தா, பிசியோதெரபி படிச்சுட்டு ஈரோட்டுல வேலை பாக்கறா. நடந்தத சொன்னதும் "ஏனுங் பெரியம்மா, பெரியப்பாவுக்கு இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தாங்களா? இல்ல வயித்துல கொழுப்பு எடுத்தாங்களா?"னு கேட்டா. ஸ்டெம் செல்ல எடுக்கறது அங்கிருந்துதானாம். ரெண்டும் இல்ல, கையிலதான்னேன். "அப்ப அது ஸ்டெம் செல்லே இல்லீங், பிஆர்பி"ன்னுட்டா. நம்ம ரத்தத்துல இருக்கற பிளேட்லெட்ட மட்டும் பிரிச்சு எடுக்கறது. அதுக்கு வெளில வாங்கறது ஆயிரக்கணக்குலதான், லட்சக்கணக்குல இல்ல.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில பில்லிங் பாக்கறவ. உடனே பீரோவுல இருந்து பில்ல எடுத்தேன். "ரீஜெனரேட்டிவ் பேக்கேஜ்"னு ஒரே வரி, ஸ்டெம் செல்ங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. கன்சென்ட் பாரம் முழுக்க இங்கிலீஷ், பொடி எழுத்து. கொழுந்தனார் பொண்ண விட்டு படிக்க வெச்சா, "இது ஆராய்ச்சி நிலையில் உள்ள சிகிச்சை, பலனுக்கு உத்தரவாதம் இல்லை". வாய்ல தொண்ணூறு சதவீதம், பேப்பர்ல ஒன்னும் இல்ல.

ஆனா அந்த ஒரு வரியிலதான் அவங்களே மாட்டிருக்காங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017ல போட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கு செய்யற மாற்று சிகிச்சை மட்டுந்தான் வழக்கமான வைத்தியம். மத்ததெல்லாம் கிளினிக்கல் ட்ரயலாத்தான் (ஆளுங்க மேல முறையா செய்யற ஆராய்ச்சி) பண்ணணும், சிடிஆர்ஐங்கற அரசு பதிவேட்டுல பதிஞ்சுருக்கணும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், முக்கியமா கலந்துக்கறவங்ககிட்ட அதுக்கு காசு வாங்கக்கூடாது. ஆராய்ச்சினா காசு எதுக்கு, வைத்தியம்னா அனுமதி எங்க? ரெண்டுல எதுனு கேளுங்க, எதச் சொன்னாலும் இடிக்கும்.

இதுக்கு அவங்ககிட்ட ஒரு ரெடிமேட் பதில் இருக்கும், "முட்டிக்கே அனுமதி குடுத்துட்டாங்களே"ம்பாங்க. 2022ல முட்டி தேய்மானத்துக்கு இந்தியாவுல தயாரிச்ச ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி கெடைச்சது நெசந்தான். அது அந்த ஒரு மருந்துக்கு, முட்டிக்கு. கைல எடுத்த ரத்தத்த சுத்தி இடுப்புல போடறதுக்கு இல்ல.

சரி, நெசமான ஸ்டெம் செல்லே போட்டாலும் டிஸ்க் வளருமானு பொண்ணுகிட்ட கேட்டேன். பெரியவங்களுக்கு டிஸ்க்குக்கு நடுவுல ரத்தக்குழாயே கெடையாதாம், அக்கம்பக்கத்து எலும்புல இருந்து கசிஞ்சு வர்ற சத்துலதான் இருக்கற செல்லே பொழைக்குது, தண்ணி இல்லாத காட்டுல நாத்து நட்டாப்லதான். அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 404 பேர வெச்சு பெரிய ட்ரயல் ஒன்னு நடத்தி 2021ல முடிவு வெளியிட்டாங்க, சில குரூப்புக்கு செல்லு, ஒரு குரூப்புக்கு வெறும் உப்புத்தண்ணி. எத நிரூபிக்கணும்னு மொதல்ல எழுதி வெச்சாங்களோ அந்த இலக்க எட்ட முடியல. சில பேருக்கு வலி கொறஞ்சாப்ல தெரிஞ்சதுனு மறுபடி ட்ரயல் பண்றாங்க, அது அவங்க சோலி, முறையாத்தான் பண்றாங்க. அமெரிக்காவுலயே தொப்புள்கொடி ரத்தத்துல செஞ்ச பாட்டில் மருந்த ஊசியா போட்டு 12 பேருக்கு கிருமி ஏறி ஆஸ்பத்திரில படுத்தது 2018ல அரசு அறிக்கையாவே வந்துச்சு. அதனால "இது வெளிநாட்டு பாட்டில்ங்க"னு சொன்னா இன்னும் எச்சா பயப்படணும்.

ஊசியோட ஒரு இடுப்பு பெல்ட்டும் நாலாயிரத்துக்கு தலைல கட்டுனாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்குனே வழிகாட்டுதல் போட்டுருக்கு, பெல்ட்டும் ட்ராக்சனும் (இடுப்ப இழுத்து வைக்கறது) வழக்கமா குடுக்க வேண்டாம், உடற்பயிற்சியும் வலியப் பத்தி புரிய வெக்கறதுமே முக்கியம்னு அதுல இருக்கு. இப்ப அவரு பொண்ணு சொல்லிக் குடுத்த பயிற்சியும் காலைல நடையும்தான், பீம் ஏத்த ஆள் வெச்சாச்சு. வலி முழுசா போகல, தூங்கறாரு.

ஏமாந்தவங்க பண்ண வேண்டியது: மொதல்ல கேஸ் பேப்பர் எல்லாம் எழுத்துல கேட்டு வாங்குங்க, கேட்ட 72 மணி நேரத்துல டாக்டர் குடுத்தாகணும்னு 2002 மருத்துவ நெறிமுறையிலயே இருக்கு. கவுன்சிலர் அனுப்புன வாட்ஸ்அப், நோட்டீஸ், ஜிபே ரசீது எதையும் அழிச்சுராதீங்க. கிளினிக் மேல மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ், டாக்டர் மேல தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், காசுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். வழி தெரியலைனா நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு கூப்பிடுங்க. பைனான்ஸ் ஈஎம்ஐய மட்டும் திடீர்னு நிறுத்தீராதீங்க, அது தனி கடன், வக்கீலக் கேட்டுட்டு பண்ணுங்க.

நாங்க இணை இயக்குநர் ஆபீஸ்ல மனு குடுத்த பொறவு கிளினிக்ல இருந்து மேனேஜர் ஊட்டுக்கே வந்தாப்ல. பாதிக் காசு திருப்பித் தர்றோம், சிகிச்சையில திருப்தினு இந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுருங்கன்னாப்ல. எங்க ஊட்டுக்காரரு படிச்சுப் பாக்கணும்னு சொல்லி அந்த பேப்பர வாங்கி வெச்சுக்கிட்டாரு. கையெழுத்து போடல, ஜெராக்ஸ் எடுத்து மனுவோட சேத்தாச்சு.