ஏரிப்பூங்காவில் சைக்கிள்: வழிகாட்டியோடு செல்வதா, தனியே சுற்றுவதா?

கோலாலம்பூரின் பழைய ஏரிப்பூங்கா இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என்ற பெயரில் இயங்குகிறது. அதைச் சுற்றிப் பார்க்க விரும்புபவர் நடந்து போகலாம். வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்துத் தம் விருப்பம்போல் ஓட்டலாம். அல்லது வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, சிறு குழுவாகச் சைக்கிளில் அவரைப் பின்தொடரலாம். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் நான் முதல் இரண்டையும் நெடுநாளாக அறிந்தவள். ஈப்போவிலிருந்து வந்திருந்த அக்காள் குடும்பத்துக்காக அண்மையில் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மூன்றையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கும்போது, இந்தப் பூங்காவை முதன்முறையாக அறிய வருபவருக்கு வழிகாட்டியோடு செல்வதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கான காரணம் பாதுகாப்போ வசதியோ மட்டுமன்று என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எல்லாரும் அறிந்த செய்திகளை முதலில் முடித்துவிடலாம். நடைக்குச் செலவே இல்லை எனலாம். வாடகைச் சைக்கிள் மலிவு. வழிகாட்டிச் சுற்றுலாவின் கட்டணம் அந்த வாடகையைப் போலப் பல மடங்கு. வெயிலும் மழையும் மூன்றுக்கும் பொது. காலையில் பசியாறிவிட்டு ஏழரைக்கெல்லாம் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்பிவிடுவது உடலுக்கு நல்லது. பிற்பகலில், குறிப்பாக ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். தலைக்கவசமும் தண்ணீரும் வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடப்பதன் பெருமை செடிகொடிகளை அருகில் நின்று பார்ப்பதில் இருக்கிறது. ஆர்க்கிட் தோட்டமும் செம்பருத்தித் தோட்டமும் கால்நடையாகப் பார்க்க வேண்டிய இடங்கள். அங்கே சைக்கிள் ஒரு சுமைதான். ஆனால் பூங்காவின் பரப்பு 91.6 ஹெக்டர். அதற்குள்ளும் அதைச் சுற்றியும் பறவைப் பூங்கா, தேசியக் கோளரங்கம், இஸ்லாமியக் கலை அரும்பொருளகம், தேசிய நினைவுச் சின்னம் ஆகியவை மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே காலையில் நடந்து இணைப்பது, நம் ஊர் வெயிலில், இளைஞர்களுக்கே களைப்பூட்டும். ஆகவே நடப்பவர்கள் பெரும்பாலும் ஏரியைச் சுற்றி வந்து, ஒரு மரநிழலில் அமர்ந்து, வீடு திரும்பிவிடுகிறார்கள். காலை நடைப்பயிற்சிக்கு அது போதும். நூற்றுமுப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு பூங்காவைப் புரிந்துகொள்ள அது போதாது.

வாடகைச் சைக்கிள் அந்தத் தொலைவை எளிதாகக் கடக்க வைக்கிறது. எவரையும் எதிர்பார்க்காமல் புறப்படலாம், பிடித்த இடத்தில் அரைமணி நேரம் உட்காரலாம், சலித்தால் திரும்பலாம். இந்தச் சுதந்திரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பூங்காவை ஓரளவு அறிந்த பிறகு மறுபடி மறுபடி வருபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளின் தரம் சீராக இருப்பதில்லை என்பது ஒரு குறை. ஏற்றமும் இறக்கமும் நிறைந்த இந்த இடத்தில் பிரேக்கும் கியரும் ஒழுங்காக உள்ளனவா என்று எடுக்குமுன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தேசியப் பள்ளிவாசலின் பின்புறமிருந்து மேலேறும் சாலையில் கியர் வேலை செய்யாத வண்டியை மிதிப்பதும், பறவைப் பூங்காப் பக்கமிருந்து பிடிமானம் தளர்ந்த பிரேக்கோடு இறங்குவதும் விரும்பத்தக்கவை அல்ல.

ஆனால் தனியே ஓட்டுவதன் பெரிய குறை வண்டியில் இல்லை. சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்க விரும்பும் வாகனம். இறக்கம் வந்தால் யாரும் நிற்பதில்லை. ஏற்றத்தில் பிடித்த வேகத்தை இழக்கவும் மனம் வருவதில்லை. எனவே தனியே செல்பவர் எங்கெல்லாம் கால் ஊன்றுகிறார் என்று கவனித்தால், அவை பலகை வைத்த இடங்களாகவும் படம் எடுக்க ஏற்ற இடங்களாகவும் குடிநீர் விற்கும் இடங்களாகவும் இருக்கும். இந்தப் பூங்காவின் முக்கியமான செய்திகளில் பலவோ, கண்ணுக்கு எதுவுமே இல்லாததுபோல் தோன்றும் இடங்களில்தான் இருக்கின்றன. ஆகையால் என் கணிப்பில் இந்த மூன்று வழிகளையும் தரம் பிரிக்கும் அளவுகோல் ஒன்றே: எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நம்மோடு இருக்கிறாரா என்பது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வண்டிக்காகவோ வழி காட்டுவதற்காகவோ போகவில்லை. அந்த நிறுத்தங்களுக்காகப் போகிறது.

ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளில் அதைச் சுற்றி வருபவருக்கு அது அழகான நீர்நிலை, அவ்வளவே. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, அத்தானை “அங்கிள்” என்று அழைத்து எங்கள் வேகத்தை அளந்துகொண்டே வந்த மலாய் இளைஞர், ஏரியின் ஒரு முனையில், படம் எடுக்கக்கூட எவரும் நிற்காத ஓரிடத்தில், எங்களை இறங்கச் சொன்னார். இருபுறமும் நிலம் எப்படி உயர்கிறது என்று பாருங்கள், இது முன்பு ஒரு பள்ளத்தாக்கு, பிராஸ் பிராஸ் என்னும் சிற்றாற்றைக் கரை கட்டித் தடுத்தபோது தேங்கிய நீர்தான் இந்த ஏரி என்று கையை நீட்டிக் காட்டினார். 1888இல் சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்ஃபிரட் வென்னிங், புதர் மண்டிக் கிடந்த அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுத் தோட்டமாக மாற்ற வேண்டும் என்று முன்வைத்த யோசனையை, அப்போது மாநில ஆட்சியை வழிநடத்திய பிரிட்டிஷ் அதிகாரியான, அதாவது ரெசிடெண்டான, ஃபிராங்க் சுவெட்டன்ஹம் ஏற்றார். சீனச் சமூகத் தலைவர் சௌ ஆ யோக் நூறு ஆரஞ்சு மரக்கன்றுகளையும் பூச்செடிகளையும் கொடுத்து உதவினார். மறு ஆண்டு மே மாதத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பிரிட்டிஷ் ஆளுநர் அதைத் திறந்துவைத்தார். ஏரிக்கு சுவெட்டன்ஹமின் மனைவி சிட்னியின் பெயர் வைக்கப்பட்டது. இந்தச் செய்திகள் எவையும் மறைபொருள் அல்ல, நூலகத்தில் கிடைப்பவைதாம். ஆனால் அவற்றை நாற்காலியில் அமர்ந்து படிப்பதற்கும், நிலத்தின் சரிவைக் கண்ணால் அளந்தபடி கேட்பதற்கும் நிரம்ப வேறுபாடு உண்டு. நெடுநாளாக அந்தக் கரையில் நடந்துவரும் எனக்கே அன்றுதான் பள்ளத்தாக்கு புலப்பட்டது.

இன்னொரு நிறுத்தம் இதைவிடவும் ஆழமானது. தேசிய நினைவுச் சின்னத்துக்கு வருபவர்கள் அனைவரும் நேராக அந்த வெண்கலச் சிலைகளிடம் போவார்கள், அது இயல்பு. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது ஐவோ ஜிமா போர் நினைவுச் சின்னத்தைக் கண்டு, அதைப் படைத்த ஃபெலிக்ஸ் டி வெல்டனிடமே ஒப்படைத்து உருவாக்கிய படைப்பு அது. 1966இல் திறக்கப்பட்டது, 1975இல் கம்யூனிஸ்டுகள் வைத்த வெடிகுண்டில் சேதமடைந்து, பின்னர் சீர்செய்யப்பட்டது. ஆனால் எங்கள் வழிகாட்டி முதலில் நிறுத்தியது, அருகே அடக்கமாக நிற்கும் பழைய போர் நினைவுத் தூணின் முன்னால். உலகப் போர்களில் மாண்டவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பிய அந்தத் தூண் முதலில் இங்கே இல்லை. நகருக்குள், ரயில் நிலையப் பகுதியில் நின்ற அது, சாலை மேம்பாலப் பணிகளுக்கு இடம்விட்டு 1964இல் இந்தக் குன்றுக்குப் பெயர்க்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன் அதே ரயில் நிலையத்தைக் கடந்து, வாகனங்கள் இரைந்து செல்லும் அதே சாலைகளைத் தாண்டித்தான் நாங்கள் பூங்காவுக்குள் நுழைந்திருந்தோம். தூணையும் சாலையையும் இணைத்து அவர் சொன்னபோது, நகரம் இந்தப் பூங்காவிலிருந்து ஏன் இவ்வளவு விலகி நிற்கிறது என்பதும் சேர்ந்து விளங்கியது. தனியே வந்தவர் தூணை ஒருவேளை பார்த்திருக்கலாம்; இந்தத் தொடர்பைப் பார்த்திருக்க வழியில்லை.

மரங்களைப் பற்றியும் இதே கருத்துதான். தூங்குமூஞ்சி மரங்களின் விரிந்த குடைகளுக்குக் கீழே எல்லாரும் ஓட்டிச் செல்கிறோம், நிழலுக்கு நன்றி சொல்லிவிட்டு. அவை தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நிலங்களிலிருந்து வந்தவை என்பதும், மாலையிலும் மழைக்கு முன்பும் இலைகளை மடக்கிக்கொள்வதால் மழை நீர் தடையின்றி அடிநிலத்துக்கு இறங்குகிறது என்பதும், மரத்தடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தபடி கேட்டால் மறக்காது. அக்காளின் மகன் அன்று மாலையே எங்கள் வீட்டுச் சந்திலுள்ள மரத்தின் இலைகள் மடங்கிவிட்டனவா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

நகரத்திலிருந்து பூங்காவுக்குள் நுழைவதைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வரைபடத்தில் மெர்டேக்கா சதுக்கத்துக்கும் ஏரிக்கும் இடையில் சிறு தொலைவே தெரியும். நிலத்திலோ ரயில் தடமும் பல தடச் சாலைகளும் குறுக்கே கிடக்கின்றன. வழிகாட்டிச் சுற்றுலாக்கள் பழைய நகரிலிருந்தே தொடங்கினால், 1910இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் நிலையத்தையும் 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலையும் கடந்து, எந்தச் சந்திப்பில் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும், எந்த இடத்தில் பாதசாரிப் பாதைக்கு ஏற வேண்டும் என்பதையெல்லாம் முன்னே செல்பவர் முடிவுசெய்துவிடுவார். சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாத அக்காளுக்கு இது பெரிய ஆறுதல். தனியே செல்ல விரும்புபவர்கள் இந்தச் சிக்கலையே தவிர்த்து, தேசிய அரும்பொருளகத்தின் எதிரே இறக்கிவிடும் எம்.ஆர்.டி. ரயிலில் வந்து, பூங்காவுக்குள் நடந்து போய் அங்கிருந்து சைக்கிளைத் தொடங்குவது மேல்.

நிறுத்தங்களோடு தொடர்புடைய இன்னொரு நன்மை, எளிதாகத் தோன்றினாலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனியே போகும்போது எங்கு இறங்கினாலும் வண்டியைப் பூட்ட வேண்டும், பையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு கண் வண்டி மேலேயே இருக்க வேண்டும். அதனாலேயே பலர் இறங்காமல் போகிறார்கள். குழுவோடு செல்லும்போது வண்டிகளுக்குக் காவலாக ஒருவர் நின்றுவிடுவதால், நினைவுச் சின்னத்தின் படிகளில் மனம் பதறாமல் ஏறி நிற்க முடிந்தது.

வழிகாட்டியோடு செல்வதிலும் இழப்புகள் உண்டு. ஆர்க்கிட் தோட்டத்தில் ஒரு மணி நேரம் செலவிட விரும்பும் ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்கு அந்த விருப்பம் நிறைவேறாது. வழிகாட்டி சொல்வது வரலாற்றிலிருந்து விலகி வெறும் கதையாகப் போகவும் வாய்ப்புண்டு. நல்லவர் வாய்ப்பது ஓரளவு நற்பேறுதான். குன்றின் மேலுள்ள சுவெட்டன்ஹமின் மாளிகையான கார்கோசாவை எங்கள் குழு அடிவாரத்திலிருந்து பார்த்ததோடு திரும்பியது. முதியவர்கள் இருந்த குழுவுக்கு அந்த ஏற்றம் வேண்டாம் என்று வழிகாட்டி எடுத்த முடிவு சரியானதே என்றாலும், அக்காளின் பிள்ளைகளுக்கு மனக்குறைதான். மின்சார சைக்கிள்களில் செல்லும் சுற்றுலாக்களும் உள்ளன. நான் அவற்றில் சென்றதில்லை, ஆகவே அவற்றைப் பற்றி என் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு இப்படிச் செல்வது எப்படியிருக்கும் என்பதற்கும் என்னிடம் அனுபவச் சான்று இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளோடு நான் ஏரிக்கரை நடையையே தேர்ந்தெடுப்பேன்.

மொழியைப் பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். எங்கள் வழிகாட்டி ஆங்கிலத்தில் தொடங்கினார். அத்தானுக்கு மலாய்தான் சரளம் என்று தெரிந்ததும் மலாய்க்கு மாறிக்கொண்டார், அதற்குப் பிறகு அத்தான் கேட்ட கேள்விகளே அதிகம். முன்பதிவின்போதே இதைச் சொல்லிவைப்பது நல்லது.

முன்பதிவு செய்கையில் வழக்கமாக நாம் விலையைக் கேட்போம், நேரத்தைக் கேட்போம், வண்டி புதியதா என்று கேட்போம். நான் முதலில் கேட்கச் சொல்வது குழுவில் எத்தனை பேர் என்பதை. பதினைந்து பேர் வரிசையாகச் செல்லும் குழு ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஒன்றுகூடி, மறுபடி புறப்படுவதற்குள் நேரம் கரைந்துவிடும். அதனால் வழிகாட்டி நிறுத்தங்களைக் குறைப்பார், குறைக்கும்போது முதலில் விடுபடுபவை பலகை இல்லாத இடங்களாகவே இருக்கும். ஆறேழு பேருக்கு மேற்படாத குழுவில், சற்றுக் கூடுதலாகவே கொடுக்க நேர்ந்தாலும், சேர்ந்துகொள்ளுங்கள். அடுத்து, பூங்காவுக்குள் எங்கெங்கே வண்டியை விட்டு இறங்குவீர்கள் என்று கேளுங்கள். ஏரிக்கரை, பறவைப் பூங்காவின் வாசல், நினைவுச் சின்னம் என்று மூன்று பெயர்களோடு பதில் நின்றுவிட்டால், அந்தப் பணத்தைச் சேமித்துக்கொண்டு வாடகைச் சைக்கிளில் சென்று வருவதே மேல்.