இழைப்புளிக்கு அளவெடுத்துப் பெட்டி செய்து தருகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள்: இரண்டு மாதச் சம்பளமும் போச்சு, பாகங்களும் போச்சு

காம்பினேஷன் இழைப்புளி, மரத்தில் நீளப் பள்ளம் (காடி) எடுக்கும் காடி இழைப்புளி, ரூட்டர் பிளேன் என்று உதிரி பாகங்கள் நிறைய உள்ள கருவிகளை வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள். அவற்றைப் பத்திரமாக வைக்க யாரிடமாவது பெட்டி செய்யக் கொடுப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில், கருவியின் அளவுக்கே பெட்டி செய்வதாக விளம்பரம் செய்யும் ஒரு பட்டறை என்னிடமிருந்து இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் கருவியைப் பாழாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறது. பெயர் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவைத் தூக்க வைத்துவிடுவார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்டான்லி கம்பெனியின் பழைய 45-ஆம் நம்பர் காம்பினேஷன் இழைப்புளி. 1884 வாக்கில் வந்து 1962 வரை தயாரிப்பில் இருந்த மாடல். ஒரே கருவியில் காடி எடுக்கலாம், ஓரத்தில் படி இறக்கலாம், மணி போல உருண்ட அலங்கார விளிம்பும் (மணி மோல்டிங்) ஓட்டலாம். அதனால்தான் இத்தனை துண்டுகள்: உடல், நகரும் பக்கம், மரத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு வரும் ஃபென்ஸ், அதைத் தாங்க நீளக் கம்பி ஒரு ஜோடி, குட்டைக் கம்பி ஒரு ஜோடி, ஆழத்தை நிறுத்தும் டெப்த் ஸ்டாப், ஒரு கட்டு பிளேடு. நாருக்குக் குறுக்கே இழைக்கும்போது பிளேடுக்கு முன்னால் நாரை அறுத்துக் கொடுக்க ஸ்பர் என்று இதழ் மாதிரி ஒரு சின்ன இரும்பு இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை உளுந்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இவையெல்லாம் கூடுதல் சாமான்கள் இல்லை. இவை சேர்ந்ததுதான் கருவி. ஒன்று தொலைந்தால் அது செய்யும் வேலையும் அதோடு போய்விடும். பழைய ஸ்டான்லி கருவிகளில் 12-20 மாதிரி இன்று சாதாரணமாகக் கிடைக்காத அளவு மரைகள் இருக்கும். இன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூவை அதில் திணித்தால் உள்ளே இருக்கும் மரையே சிதைந்துவிடும்.

அதனால்தான் நல்ல பெட்டி வேண்டும் என்று தேடினேன். அந்தப் பட்டறைக்காரர் முதல் பேச்சிலேயே கேட்ட கேள்வி இது: "சார், ஸ்பரை உடம்பிலேயே மாட்டி வைக்கணுமா, தனிக் குழி போடணுமா?" கருவியைக் கையால் தொடாதவனுக்கு இந்தக் கேள்வி வராது. நீளக் கம்பிக்கும் குட்டைக் கம்பிக்கும் வேறு வேறு தட்டு, ஒவ்வொரு பிளேடுக்கும் தனிச் செருகு, ஒன்றின் முனை இன்னொன்றில் படாது என்றார். பதமான மரம்தான் போடுவேன் என்றார். ஈரம் குடிக்காத பாலிஎத்திலீன் ஃபோம், ஸ்பாஞ்ச் கிடையாது, துருவைத் தடுக்கும் வி.சி.ஐ. காகிதமும் வைத்துத் தருவேன் என்றார். எல்லாமே சரியான பதில்கள். போட்டோவும் அளவும் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "போட்டோல ஆழம் தெரியாது சார். பொருள் கையில இருந்தாத்தான் குழி சரியா உக்காரும்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான்.

முழுப் பணமும் முன்கூட்டியே. இரண்டு மாதச் சம்பளம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிக் கவரில் போட்டு, பெயர் எழுதி, பட்டியலையும் வைத்து அனுப்பினேன். பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே வெள்ளைத் துணி மேல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் என் பட்டியலையும் வைத்து அவர் ஒரு போட்டோ அனுப்பினார். "எல்லாம் வந்துடுச்சு சார், கவலைய விடுங்க." அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதற்குப் பிறகு நாள் தள்ளித் தள்ளி, கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததை விட்டுவிடுகிறேன்.

பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை. உள்ளே ஒட்டியிருந்தது மலிவான சிலிகான் பசை. இந்த வகைப் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். இரும்பு இருக்கும் இடத்துக்கு இந்த அமிலத்தை விடாத நியூட்ரல் சிலிகான் என்று தனியாகவே விற்கிறார்கள். கருவிப் பெட்டி செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? பசை காய்வதற்கு முன்பே கருவியை உள்ளே வைத்து, மூடியை இறுக்கி, பார்சல் போட்டிருக்கிறார். ஃபோம் என்று சொன்ன இடத்தில் மெத்தையில் போடும் ஸ்பாஞ்ச். ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்வதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? வி.சி.ஐ. காகிதம் பெயருக்குக்கூட இல்லை. அடிப்பலகை காயாத பச்சை மரம், இப்போதே ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஃபென்ஸை வெளியே எடுத்தேன். நிக்கல் பூச்சின் மேல் ஸ்பாஞ்சின் கண்கள் அப்படியே புள்ளி புள்ளியாகப் பதிந்து, ஒவ்வொரு புள்ளியிலும் செந்துரு. பக்கவாட்டில் யாரோ ஒருவரின் பெருவிரல் ரேகை, கோடு கோடாக, துருவாலேயே வரைந்த மாதிரி. வியர்வைக் கையோடு தொட்டுவிட்டு ஒரு துணியால் துடைக்கக்கூட இல்லை. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ எவ்வளவு நேரமாகும்?

பிளேடுகளைப் பார்த்தபோதுதான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தனித்தனிச் செருகு என்று சொன்னவர், எல்லாவற்றையும் ஒரே பள்ளத்தில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். வழியில் குலுங்கிக் குலுங்கி முனையோடு முனை மோதி, மணி மோல்டிங் பிளேடின் அரைவட்ட உட்குழிவில் சில்லு பெயர்ந்துவிட்டது. நேர் முனை என்றால் சாணை பிடித்துச் சரிசெய்துவிடலாம். உட்குழிவை உருண்டைக் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க முடியும், அப்படியும் பழைய வளைவு திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் 45-க்கு அண்ணனான 55-ஆம் நம்பர் இழைப்புளிக்கு ஸ்டான்லிக்காரர்கள் 50-க்கும் மேற்பட்ட பிளேடுகளை மரப் பெட்டிகளில் வரிசையாக நிறுத்தி வைத்து விற்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது.

ஒரு ஸ்பர் இல்லை. அதன் ஸ்க்ரூவும் இல்லை. குட்டைக் கம்பியில் ஒன்று இல்லை.

போன் செய்தேன். முதல் பதில்: "பாக்கிங்குள்ள விழுந்திருக்கும் சார், நல்லாத் தேடுங்க." கவரையெல்லாம் கிழித்து உதறிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். "நீங்க அனுப்பினப்பவே இருந்துச்சான்னு பாருங்க." அவரே அனுப்பிய போட்டோவை அவருக்கே அனுப்பினேன். அதில் ஸ்பரும் இருக்கிறது, கம்பிகள் நான்கும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சின்ன ஸ்க்ரூதானே சார், அது இல்லாமலும் ஓடும்." ஓடாது! குறுக்கு நாரில் இழைத்தால் காடியின் ஓரம் பிய்ந்து வரும், இது அவருக்கே நன்றாகத் தெரியும். முதல் நாள் ஸ்பரைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதே அவர்தான். துருவைப் பற்றிக் கேட்டதற்கு "இரும்புன்னா துரு பிடிக்கத்தான் செய்யும்" என்றார். துரு பிடிக்காமல் இருக்கத்தானே ஐயா இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துப் பெட்டி வாங்கினேன்? அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

தளத்தில் புகார் கொடுத்தேன். அளவெடுத்துச் செய்யும் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று ஒரு பதில். பெட்டி கைக்கு வந்துவிட்டதாகப் பதிவாகியிருப்பதால் ஆர்டர் முடிந்துவிட்டது என்று இன்னொரு பதில். போட்டோவைக் காட்டினால், அது எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த உரையாடல், ஏற்க முடியாது என்கிறார்கள். வெளியே வந்து பேசச் சொன்னது அவர்களிடம் கடை வைத்திருக்கும் ஆள்தானே? ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி, நான் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்கிறார். இரண்டு மாதச் சம்பளம் போனவனுக்கு இந்த வருத்தத்தை வைத்து என்ன செய்வது? கார்டு கொடுத்த வங்கியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: கருவியைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். குழிக்கு அளவு வேண்டும் என்றால் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, கனத்தைக் குறித்து அனுப்புங்கள், அது போதும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பேச்சு முழுவதும் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். பெட்டி எதுவானாலும் திறந்து முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை இருந்தால் ஒரு பிளேடைக்கூட உள்ளே வைக்காதீர்கள். ஓக் மரப் பெட்டியிலும் இந்த அமிலத் தொல்லை உண்டு. ஸ்பரையும் ஸ்க்ரூவையும் கழற்றித் தனியே போடாமல் உடம்பிலேயே மாட்டி வையுங்கள். ஏற்கெனவே ஸ்பாஞ்ச் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

பழைய 45-இன் ஸ்பரும் ஸ்க்ரூவும், குட்டைக் கம்பி ஒன்றும் யாரிடமாவது உதிரியாக இருந்தால் சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பொருளை நேரில் பார்த்த பிறகுதான் பணம்.