மூக்கு நீட்டிய இன்சர்ட்டும் இரண்டு ஹார்த் பேட்டுகளும்

பழைய கணப்புக்குள் இரும்பு இன்சர்ட் (உள்ளே செருகி வைக்கும், கதவுள்ள விறகு அடுப்பு) பொருத்தி மூன்றாம் நாள். விறகு போடக் கதவைத் திறந்தேன். சட்டைப் பொத்தான் அளவு கங்கு ஒன்று டப்பென்று தெறித்து மரத்தரையில் விழுந்தது. துடைப்பத்தால் தள்ளுவதற்குள் கறுப்பாகப் புள்ளி பதிந்துவிட்டது. பழைய கணப்பின் முன்னால் இருந்தது வெறும் ஒரு சாண் கல் பட்டை. அதைத் தாண்டினால் முழுக்க மரம்தான். அன்று ராத்திரியே ஹார்த் பேட், அதாவது தரையைக் காக்க அடுப்புக்கு முன்னால் போடும் தீப்பிடிக்காத பலகை, தேட உட்கார்ந்தேன்.

முதலில் வாங்கியது வீண். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கறுப்புக் கல், பளபளக்கும் விளிம்பு. கதவுக்கு முன்னால் 16 அங்குலத்துக்குத் தீப்பிடிக்காத பரப்பு வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமான விதி, கனடாவில் 18. நானும் 16 அங்குலப் பேட்டாகப் பார்த்து வாங்கினேன். ஆனால் நான் டேப்பை வைத்தது செங்கல் சுவரில். இன்சர்ட் சுவரைவிட்டு 4 அங்குலம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பேட்டை மூக்குக்கு அடியில் தள்ளிச் சுவரோடு ஒட்டி வைத்தேன். கதவுக்கு முன்னால் மிஞ்சியது 12 அங்குலம்.

திருப்பி அனுப்பலாமென்று புரட்டியபோதுதான் பின்னால் இருந்த லேபிளைப் படித்தேன். கங்குக்கு மட்டும், சூட்டுக்கு இல்லை என்று போட்டிருந்தது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பேட்டுகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான யூஎல் 1618-இல் இரண்டு வகை உண்டு: டைப் 1 பொறியை மட்டும் தாங்கும், டைப் 2 சூட்டையும் தடுக்கும். என் இன்சர்ட்டின் கையேடு கேட்டதோ 'ஆர்' மதிப்பு (சூட்டைத் தடுக்கும் அளவு) 1.2, அதாவது டைப் 2. செங்கல் ஒரு அங்குலத்துக்கு சுமார் 0.2தான் தரும்; 1.2 வேண்டுமென்றால் 6 அங்குலம் அடுக்க வேண்டும். மேலே ஒட்டிய மெல்லிய கல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே இருக்கும் பலகைதான் வேலை செய்கிறது. தொட்டால் சுடவில்லையே என்று விடவும் முடியாது. வருஷக்கணக்கில் சூடு வாங்கி உலர்ந்த மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

பணம் திரும்பி வந்தது, அனுப்பிய செலவு என் தலையில்.

இரண்டாவது பேட் டைப் 2, ஆழம் 24 அங்குலம். அகலம் கதவின் இருபக்கமும் 8 அங்குலம் தாண்டுகிற மாதிரி எடுத்தேன். நல்ல கனம், மச்சானைக் கூப்பிட்டுத்தான் தூக்கினேன். பசை எதுவும் போடவில்லை, தரையைப் பெருக்கி அப்படியே வைத்தோம். கல் பட்டை மரத்தைவிட நூலளவு தாழ்ந்திருந்ததால் ஒரு மூலை ஆடியது. மச்சான் அட்டையை மடித்து அடியில் செருகப் போனார். "நெருப்பைத் தடுக்க வாங்கிவிட்டு அதற்கு அடியிலேயே காகிதம் வைக்கிறீர்களே மச்சான்!" என்று பிடுங்கினேன். தகரத் துண்டு வெட்டி வைத்ததும் ஆட்டம் நின்றது. மொத்தம் அரை மணி நேர வேலை.

ஒரு குளிர்காலம் முழுக்க எரித்தாயிற்று. நான்கு மணி நேரம் தணல் இருந்த பிறகும் பேட்டுக்குப் பக்கத்து மரம் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. குறை சொல்வதென்றால், விளிம்பு உயரமாக இருப்பதால் வெறுங்காலில் இருமுறை இடித்துக்கொண்டேன். இணைப்புப் பூச்சு வெளிர் நிறம், சாம்பல் பட்டால் கறை போவதில்லை. அடர்ந்த நிறத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அந்தப் பொத்தான் புள்ளியைப் பேட் மறைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அளந்தால் கதவிலிருந்து 22 அங்குலத்தில் இருக்கிறது, பேட்டின் விளிம்புக்கு 2 அங்குலம் வெளியே. இப்போதெல்லாம் கதவை ஒரு விரல் அளவு திறந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் முழுதாகத் திறக்கிறேன்.