ஒன்பது பெவலர் வாங்கி இரண்டோடு நின்ற கதை

என் மேசை இழுப்பறையில் ஒன்பது எட்ஜ் பெவலர் கிடக்கின்றன. 2017-இல் தோல் வேலை பழக ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. வாரா வாரம் கைக்கு வருவது அதில் இரண்டே இரண்டு. புதிதாக வாங்கப்போகிறவர்கள் எது நல்லது என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அந்த இரண்டில் ஒன்று, நான் முதலில் வாங்கி, ஒன்றுக்கும் உதவாது என்று மூலையில் போட்ட மலிவு செட்டைச் சேர்ந்தது.

வெட்டிய தோலின் ஓரத்தில் மேலும் கீழும் கூர்மூலை நிற்கும். அந்த மூலையை நூல்போலச் சீவி எடுக்கும் சின்ன உளிதான் பெவலர். முனை பாம்பு நாக்கு மாதிரி இரண்டு விரலாகப் பிரிந்திருக்கும். வெட்டும் வாய் அந்தப் பிளவின் அடியில் ஒளிந்திருக்கும். ஒரு விரல் தோலின் முகத்திலும் இன்னொன்று ஓரத்திலும் உரசிக்கொண்டு போக, நடுவில் மாட்டும் மூலை சீவப்படும். இதைச் செய்யாமல் ஓரத்தை நேராகத் தேய்த்து மினுக்கப் பார்த்தால், அழுத்தத்தில் தோல் இருபக்கமும் பிதுங்கிக் காளான் தலைபோல மடங்கிக்கொள்ளும். பெல்ட்டில் முதலில் உரிந்து அசிங்கமாவது அந்த மடிப்புதான்.

முதல் செட் ஆன்லைனில் 450 ரூபாய். ஐந்து அளவு, மரக் கைப்பிடி, பார்க்க அழகு. சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடையில் கிலோ கணக்கில் வாங்கி வந்த துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்தேன். சீவவே இல்லை. ஓரத்தை மடித்து, இழுத்து, கடித்துத் துப்பியது. கருவி மட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து தோல் வாங்கிய அதே கடைக்குப் போய்ப் புலம்பியபோது பெரியவர் ஒருவர் தோலைக் கையில் வாங்கிப் பிசைந்துவிட்டுச் சிரித்தார். "இது குரோம் தோல்மா. சோபாவுக்கும் கைப்பைக்கும் போறது. ஓரம் மினுக்கணும்னா ஈ.ஐ. எடுத்துட்டுப் போ."

ஈ.ஐ. என்பது ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். குரோம் உப்பு இல்லாமல், தாவரப் பட்டையிலும் காயிலும் பதனிட்ட தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடிப்பார்கள். பிற்பாடு ஆவாரம் பட்டை இருந்த இடத்தை வாட்டில் மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. இந்தத் தோலின் நார்கள் ஓரத்தில் விறைப்பாக நிற்கும். ஈரம் பட்டு உரசினால் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். குரோம் தோல் ரப்பர்போல நழுவும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெவலராக இருந்தாலும் மெல்லிய குரோம் தோலில் திணறத்தான் செய்யும். அதற்கு ஓரத்தை மடித்துத் தைப்பது அல்லது எட்ஜ் பெயின்ட் பூசுவதுதான் வழி.

சரி, ஈ.ஐ. தோலில் அந்த செட் வெட்டியதா என்றால், பாதி வெட்டியது. அந்தப் பாதியில் திருப்திப்படாமல் நல்ல கருவி வாங்கக் கிளம்பினேன். பணம் போனது அங்கேதான்.

அளவுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. 1826-லிருந்து தோல் கருவி செய்துவரும் சி.எஸ். ஆஸ்போர்ன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் 1, 2, 3 என்று எண் போடுகின்றன. ஜப்பான் கருவிகள் பெரும்பாலும் 0.8, 1.0, 1.2 என்று மில்லிமீட்டரில் வரும். ஒருவருடைய 2 இன்னொருவருடைய 2 அல்ல. மில்லிமீட்டரே போட்டிருந்தாலும், அது காடியின் (இரண்டு விரலுக்கும் நடுவே உள்ள பள்ளம்) அகலமா, சீவிய பட்டையின் அகலமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் இப்போது எண்ணை நம்புவதில்லை. எது வந்தாலும் கழிவுத் தோலில் ஒரு சாண் சீவிவிட்டு, மேல்முகத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து, அந்த அளவைக் கைப்பிடியில் எழுதிவிடுகிறேன்.

கணக்கு எளிது. பெல்ட் தோல் 3.5 மி.மீ. இரண்டு மூலையிலும் 1 மி.மீ. எடுத்தால் நடுவில் 1.5 மி.மீ. தட்டையாக மிஞ்சும்; உப்புத்தாள் ஓட்டினால் அது உருண்டுவிடும். பர்ஸில் 1.2 மி.மீ. தோல் இரண்டு ஒட்டினால் 2.4, அதற்குப் பக்கத்துக்கு 0.6 போதும். மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மூலையில் எடுத்தால் ஓரம் கத்திபோலக் கூராகிவிடும், மினுக்க இடமே இருக்காது. வெளிநாட்டு வீடியோக்களில் தோலின் கனத்தை 8 அவுன்ஸ், 9 அவுன்ஸ் என்பார்கள். ஒரு அவுன்ஸுக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பர்ஸுக்கு ஒன்று, பெல்ட்டுக்கு ஒன்று. இது தெரிவதற்குள் என்னிடம் எட்டு சேர்ந்துவிட்டன. ஒன்பதாவது பிரெஞ்ச் எட்ஜர். பெயரைப் பார்த்து ஏமாந்து வாங்கினேன். அது ஓரத்தின் மூலையைச் சீவுவதற்கல்ல, தையல் வரும் இடத்தில் தோலின் உள்பக்கத்தை அகலமாகச் சீவி மெலிதாக்குவதற்கு. நல்ல கருவிதான், நான் கேட்ட வேலை அதற்குத் தெரியாது, அவ்வளவே.

காடியின் உள்வடிவத்தில் இரண்டு வகை உண்டு. தட்டையானது 45 பாகைச் சரிவாகச் சீவும். குழிவானது ஓரத்தை ஏற்கெனவே உருண்டதுபோல் வெட்டித் தரும், உப்புத்தாள் வேலை மிச்சம். முதல் நாள் பயன்படுத்தியதும் குழிவானதுக்கு மயங்கிப் போனேன். ஆறு மாதம் கழித்துத் தீட்ட உட்கார்ந்தபோதுதான் தட்டையின் அருமை புரிந்தது. வீட்டிலேயே தீட்டிக்கொள்ளப் போகிறவர்கள் தட்டையே வாங்குங்கள்.

பயன்படுத்துவதில் நான் தடுமாறியது கோணத்தில். கைப்பிடியை ரொம்பத் தாழ்த்தினால் தோல்மேல் வழுக்கிப் போகும். ரொம்ப உயர்த்தினால் மூக்கு குத்தித் தோண்டும். நடுவில் ஓரிடத்தில் 'சர்' என்று ஒரு சத்தத்தோடு இழை சுருண்டு வரும். அந்தக் கோணத்தைப் பெல்ட் முழுக்க மாற்றாமல், நிறுத்தாமல் போக வேண்டும். நிறுத்திய இடத்தில் ஒரு படி விழும், அதை உப்புத்தாளால் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும். வயிற்றுப் பக்கத் தோல் தளர்வாக இருந்தால், ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒரு முறை ஓட்டிவிட்டுச் சீவினால் பிசிறு குறைகிறது. கார்டு வைக்கும் பர்ஸின் சின்ன வளைவு மூலைகளில் கருவியைத் திருப்பாமல் தோலைத் திருப்பப் பழகிக்கொண்டேன்.

எங்கள் அயனாவரம் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் பெல்ட்டையும் பெவலரையும் எடுத்துப் போய் அவர் முன்னால் சீவிக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"எவ்ளோம்மா இது?"

"ரெண்டாயிரத்து எண்ணூறுண்ணா."

பெட்டியிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தார். "நான் இதுக்குக் காசே குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பின் அடித்தோல் ஓரத்தை நாலு இழுப்பில் உருட்டிக் காட்டினார். தடித்த சோல் தோலுக்குக் கண்ணாடி அற்புதமாக வேலை செய்கிறது. என் 1.2 மி.மீ. தோலில் அது கடித்துவிட்டது, அதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் நான் வைத்திருந்த பலகையைப் பார்த்து ஒன்று சொன்னார்: "தோல் ஏன் இவ்ளோ வெளிய தொங்குது? கைய அழுத்தினா அது கீழ ஓடுது பாரு." அன்று வரை ஓரம் அலையலையாக வந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது பலகை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் தோலை வெளியே விடுவதில்லை. கீழ் விரல் இடிக்காமல் போக அது போதும்.

தீட்டுவதற்கு வருகிறேன். 2,800 ரூபாய்க் கருவியும் பெட்டியிலிருந்து வந்தபோது முழுக் கூர்மையோடு வரவில்லை. பத்து மடங்குப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வாயில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கோடு மின்னினால் அங்கே மழுங்கல். அதே கண்ணாடியில் 450 ரூபாய் செட்டைப் பார்த்தேன். காடி முழுக்க மெஷின் ஓடிய வரிகள், உழுத வயல் மாதிரி. எஃகு மோசமில்லை, முடிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். சரி, கெட்டால் கெட்டுப் போகட்டும் என்று அந்த செட்டில்தான் பழகினேன். ஐந்தில் மூன்றைப் பாழாக்கினேன். நாலாவது ஏதோ சுமாராக வந்தது. ஐந்தாவது, இருப்பதிலேயே சின்னது, சரியாக வந்தது.

மூன்று பாழானதற்குக் காரணம் ஒரே தப்பு. மேல்பக்கச் சரிவைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தேன். அது சமையல் கத்தி தீட்டிய பழக்கம். பெவலரில் அப்படித் தேய்த்தால் வாய் பின்னால் போகும், விரல்கள் மெலியும், கொஞ்ச நாளில் விரலே உடையும். வேலை நடக்க வேண்டியது அடியில், காடிக்குள்ளே. மேலே கடைசியில் பிசிறு எடுக்க நாலு இழுப்பு மட்டும்.

காடிக்குள் முதலில் மார்க்கர் மை பூசிக்கொள்வேன். எங்கே தேய்கிறது, எங்கே தொடவே இல்லை என்று மை காட்டிக்கொடுக்கும். பழைய ஹேக்சா பிளேடின் முதுகில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை இறுக்கி மடித்து, காடியின் தரையில் படிய வைத்து, கருவியை என் பக்கம் இழுப்பேன். எப்போதும் வாய் கடைசியில் வரும்படி பின்னோக்கித்தான் இழுக்க வேண்டும். முன்னே தள்ளினால் வாய் தாளை வெட்டும், தானும் உருளும். மை முழுக்கப் போனதும் 2000 நம்பர். குழிவான காடிக்குப் பிளேடு உதவாது. பெரியதற்கு சைக்கிள் ஸ்போக், சின்னதற்குத் தடித்த ஊசித்தண்டு என்று உருண்டையாக எதிலாவது தாளைச் சுற்ற வேண்டும். அளவு கொஞ்சம் தப்பினாலும் காடி கோணிவிடும்.

அதற்குப் பிறகு செய்வதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. தடித்த ஈ.ஐ. தோலில் ஒரு சாண் பட்டை வெட்டி, அதன் ஓரத்தை அதே பெவலரால் சீவ வேண்டும். அந்தச் சரிவு காடிக்குக் கச்சிதமாகப் பொருந்தும், பொருந்தாமல் எங்கே போகும்? அதில் பச்சைக் கட்டியைத் தேய்த்து, பெவலரை அதன்மேல் பின்னோக்கி இழுத்தால் வாய் கண்ணாடிபோல ஆகும். பச்சைக் கட்டி என்பது எவர்சில்வருக்கு மெருகேற்றும் பட்டறைகளில் பயன்படுத்துவது, குரோமியம் ஆக்சைடு சேர்ந்தது. எனக்குப் பாரிமுனை ஹார்ட்வேர் கடையில் கிடைத்தது. ஒரு கட்டி வாங்கி வருடக்கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு பெவலருக்கும் அதனதன் சரிவு வேண்டும், ஒன்றின் சரிவு இன்னொன்றுக்கு ஆகாது. ஒவ்வொரு பெல்ட்டுக்கு முன்பும் பத்து இழுப்பு. இதை விடாமல் செய்தால் வாட்டர் பேப்பர் பக்கம் சில மாதங்களுக்கு ஒரு முறை போனால் போதும்.

விரல்களின் அடியையும் 2000 தாளில் லேசாக உருட்டிவிடுங்கள். புதுக் கருவியில் அந்த மூலைகள் கூராக இருந்து, தோல் முகத்தில் ஓரத்துக்கு இணையாக ஒரு கீறல் கோடு போடும். இரண்டு வருடம் அது என் கைத்தவறு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. தோல் விரித்திருக்கும் மேசையில் தீட்டாதீர்கள். நான் தீட்டினேன். எஃகுத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஈரத் தோலில் விழுந்து, காலையில் பார்த்தால் பெல்ட் முழுக்கக் கருநீலப் புள்ளிகள். கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்தால் மை ஆகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அதே கதைதான். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்ததில் முக்கால்வாசி மறைந்தது. மீதியை மறைக்கப் பெல்ட்டுக்கே கறுப்புச் சாயம் அடித்தேன். இதே காரணத்துக்காகப் பெவலரைத் தோல் உறையில் போட்டு வைப்பதும் வேண்டாம். சென்னை ஈரக்காற்றில் வாய் ஒரு மழைக்காலத்தில் கறுத்துவிடுகிறது. துளி எண்ணெய் தொட்டுத் துணியில் சுற்றி வைக்கிறேன்.

சீவிய பிறகு 400, 600 உப்புத்தாள், அப்புறம் பிசின், மரக்கட்டையால் தேய்ப்பு. அது தனிக் கதை. ஜிகர்தண்டாவுக்கு வாங்கிய பாதாம் பிசினை ஊறவைத்துத் தடவிப் பார்த்தது மட்டும் சொல்லிவிடுகிறேன்: கரையாமல் கட்டி கட்டியாக நின்றது, மிச்சத்தைப் பாலில் போட்டுக் குடித்தோம்.

இப்போதைய நிலவரம்: பெல்ட்டுக்கு அந்த 2,800 ரூபாய்க் கருவி. பர்ஸுக்கு 450 ரூபாய் செட்டின் கடைக்குட்டி. இரண்டையும் தீட்டிய பின் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் எது எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வித்தியாசம் நாள் போகப் போகத்தான் தெரிகிறது; பச்சைக் கட்டி காட்டாமல் விட்டாலும் விலை கூடியது ஆறு பெல்ட் வரை தாங்கும், கடைக்குட்டி இரண்டாவது பர்ஸிலேயே முனக ஆரம்பிக்கும். பிரெஞ்ச் எட்ஜரைப் பை செய்யும் தோழி ஒருத்தி கேட்டாள், கொடுத்துவிடப் போகிறேன். கடைக்குட்டியின் கைப்பிடி இரண்டு முறை கழன்று, இரண்டு முறையும் அரால்டைட் போட்டு ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை கழன்றால் கடைசல்காரரிடம் கொடுத்து வாகை மரத்தில் புதுப் பிடி போட வேண்டும். கருவி வாங்கிய விலையைவிட அதற்கு அதிகம் ஆகும் போலிருக்கிறது.