ஹோல்ஸ்டா, வான் வில்லியம்ஸா? ஓராண்டு கேட்டபின்

இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று மேய்ந்துகொண்டிருந்ததில் எதுவுமே மனதில் தங்கவில்லை. அதனால் போன வருடம் ஒரு முடிவெடுத்தேன்: ஒரே ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளரை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுக்கக் கேட்பது. எல்கரின் செல்லோ கன்செர்ட்டோவை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டாயிற்று. மிஞ்சியவர்கள் இரண்டு பேர், குஸ்தாவ் ஹோல்ஸ்ட், ரேஃப் வான் வில்லியம்ஸ். நான் வான் வில்லியம்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அது எளிதாக எடுத்த முடிவு இல்லை.

இருவரும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர்கள். வான் வில்லியம்ஸ் 1872, ஹோல்ஸ்ட் 1874. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் 1895இல் சந்தித்தார்கள். அன்றிலிருந்து ஹோல்ஸ்ட் 1934இல் இறக்கும் வரை, எழுதுவதை ஒருவருக்கொருவர் காட்டி, தயவு பார்க்காமல் குறை சொல்லித் திருத்திக்கொண்டார்கள். வான் வில்லியம்ஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. தாய்வழியில் சார்லஸ் டார்வினுக்குப் பேரன் முறை. ஹோல்ஸ்ட் பியானோ வாத்தியார் மகன். வலது கை நரம்பு வலியால் பியானோவை விட்டுவிட்டு, டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தை வாசித்துப் பிழைத்து, பிறகு பெண்கள் பள்ளியொன்றில் கடைசிவரை பாட்டு வாத்தியாராக இருந்தவர்.

முதல் கேட்பில் ஹோல்ஸ்ட்தான் ஜெயிப்பார், அதில் சந்தேகமே இல்லை. 'கோள்கள்' தொகுப்பில் செவ்வாய் தொடங்கும்போது வயலின்காரர்கள் வில்லின் மயிரால் இழைக்காமல் அதன் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுகிறார்கள். ஐந்து எண்ணிக்கைத் தாளம் விடாமல் ஓடுகிறது. ஐந்து நமக்குப் புதிதல்ல என்பதால் கால் தானாகத் தட்டும். அடி மட்டும் போர்ப்படை வருகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் சாவித்திரி. லண்டனில் சமஸ்கிருதம் படித்து, ரிக் வேதப் பாடல்களைத் தானே ஆங்கிலமாக்கி இசையமைத்தவர் ஹோல்ஸ்ட். சாவித்திரி கதையை அரை மணி நேர ஆபராவாக, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக எழுதினார். பாத்திரங்கள் மூன்று, வாத்தியங்கள் பன்னிரண்டு, மறைவில் ஒரு கோரஸ். முதன்முதலில் மேடையேறியது 1916இல். தொடக்கத்தில் வாத்தியமே கிடையாது. எங்கிருந்தோ எமனின் குரல் மட்டும் வருகிறது. சாவித்திரியின் குரல் அதோடு சேரும்போது அது வேறொரு சுருதியில் நிற்கிறது. ராகமோ ஆலாபனையோ எதையும் அவர் கடன் வாங்கவில்லை. கதையை நம்பி, தன் மொழியில் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய பாட்டை இருவருமே எடுத்தாண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வான் வில்லியம்ஸிடம் அது புல்லாங்குழலும் ஹார்ப்புமாக மெதுவாக, அழகாக வருகிறது. ஹோல்ஸ்ட் தன் பள்ளி மாணவிகளுக்காக எழுதிய 'செயின்ட் பால்ஸ்' தொகுப்பில், துள்ளலான ஒரு நாட்டுப்புற ஆட்டமெட்டு சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே செல்லோக்கள் அடியிலிருந்து கிரீன்ஸ்லீவ்ஸைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. இந்த ஒரு பாட்டில் என் ஓட்டு ஹோல்ஸ்டுக்குத்தான்.

சரி, பிறகு ஏன் வான் வில்லியம்ஸ்? ஓர் ஆண்டு ஒருவரோடு இருப்பதென்றால் முதல் கேட்பு கணக்கில் வராது. பத்தாவது கேட்பில் என்ன மிஞ்சுகிறது, அது அடுத்த படைப்புக்கு வழி காட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஹோல்ஸ்டின் படைப்புகள் தனித்தனித் தீவுகள். 'கோள்கள்' பெற்ற புகழை அவர் திரும்பத் தேடவில்லை. தன் படைப்புகளிலேயே சிறந்ததென்று அவர் நினைத்த 'எக்டன் ஹீத்' வறண்ட, இறுகிய இசை. கோள்களிலிருந்து அங்கே போக எனக்குப் பாலம் கிடைக்கவில்லை. வாரக் கடைசியிலும் ஆகஸ்ட் விடுமுறையிலும் உட்கார்ந்து எழுதியவர், 59 வயதில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வான் வில்லியம்ஸுக்கு ஒன்பது சிம்ஃபனிகள், மொத்தம் சுமார் ஆறு மணி நேரம். மூன்றாவதான 'பாஸ்டரல்' சிம்ஃபனியை நான் மூன்று முறை கேட்டுவிட்டு ஒதுக்கினேன். மழை ஓய்ந்த வயல்வெளி போல மெதுவாகவே போகிறது, எதுவும் நடக்கவில்லை என்று தோன்றியது. பிறகுதான் அதன் பின்கதை தெரிந்தது. முதல் உலகப் போரின்போது 42 வயதில் சாதாரண ஆளாக ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, 1916இல் பிரான்சில் ஆம்புலன்ஸ் வேலை பார்த்தவர் அவர். அந்தச் சிம்ஃபனி மனதில் ஊறியது அங்கே, இரவு இரவாக வண்டியோடு ஏறிய மேட்டில்தான். அதே ஆண்டு அவருடைய நண்பரான இசையமைப்பாளர் பட்டர்வொர்த், பிரான்சில் நடந்த சோம் போரில் செத்துப்போனார்.

முகாமில் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஒருவர் பழகிக்கொண்டிருக்கும்போது எட்டாம் சுரத்துக்குப் போக முயன்று தவறி ஏழாம் சுரத்தில் விழுவாராம். இரண்டாம் பகுதியின் நடுவில் ஒரு டிரம்பெட் தனியாக எழுகிறதே, அது இந்த ஞாபகம்தான். வால்வைத் தொடாமல் இயற்கைச் சுரங்களை மட்டும் ஊதும்படி எழுதியிருக்கிறார். அதனால் அந்த ஏழாவது சுரம் பியானோக் கட்டைகளில் கிடைக்காத இடத்தில், கொஞ்சம் தணிந்து நிற்கிறது. வாசித்தவர் பிசகிவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். இப்போது அந்தத் தணிந்த சுரத்துக்காகவே காத்திருக்கிறேன். பகுதி முடியும் இடத்தில் ஹார்ன் அதையே இன்னும் தொலைவிலிருந்து திரும்பச் சொல்லும். கடைசிப் பகுதியில் சொற்களில்லாத ஒரு பெண்குரல்.

இது பிடிபட்டதும் மற்ற சிம்ஃபனிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. நான்காவது, 1935, கோபம் கொப்பளிக்கிறது. ஐந்தாவது, 1943, லண்டன் போரில் இருந்தபோது எழுபது வயதில் அவரே நின்று நடத்தியது, அவ்வளவு அமைதி. ஆறாவது, 1948, கடைசிப் பத்து நிமிடமும் குரல் உயர்த்தாமல் கிசுகிசுக்கிறது. ஹோல்ஸ்டின் 'கோள்கள்' தொகுப்பில் கடைசியாக வரும் நெப்டியூனும் அப்படித்தான் முடியும்: பக்கத்து அறையில் பெண்கள் பாட, கதவு மெல்லச் சாத்தப்பட்டு, ஒலி கரைந்துபோகும். நண்பர்கள் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுபோலத் தோன்றினாலும், என் காதுக்கு நெப்டியூன் பூமியைவிட்டுப் போகிறது. ஆறாவது தரையிலேயே, எல்லாம் முடிந்த இடத்தில் நிற்கிறது.

வான் வில்லியம்ஸை எங்கே தொடங்குவது என்றால், பழைய ஆங்கிலேய இசையமைப்பாளர் தாலிஸின் மெட்டை வைத்து அவர் எழுதிய 'தாலிஸ் ஃபேண்டசியா' என்பேன். 1910இல் குளோஸ்டர் கதீட்ரலில் முதன்முதலில் அரங்கேறியது. மூலமெட்டு 1567ஆம் ஆண்டுத் துதிப்பாடல். அதன் சுர அடுக்கை மேற்கில் ஃபிரிஜியன் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நம் தோடியின் அதே ஏழு சுரங்கள். கமகம் இல்லாததால் காதுக்குத் தோடியாகத் தெரியாது. முழுக்கத் தந்தி வாத்தியங்கள்தான்: ஒரு பெரிய குழு, தள்ளி ஒன்பது பேர், பிறகு நால்வர். பெரிய குழு முடிக்கும் வரியை அந்த ஒன்பது பேர் எதிரொலி போல வாங்கிக்கொள்வார்கள். பேருந்தில் கேட்காதீர்கள், அந்த எதிரொலி காணாமல் போய்விடும். ராத்திரி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். இவை எதையும் நான் நேரடிக் கச்சேரியில் கேட்டதில்லை; கதீட்ரலில் உட்கார்ந்து கேட்டவருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். வான் வில்லியம்ஸின் ஆபராக்களுக்குள் இன்னும் நுழையவில்லை, ஹோல்ஸ்டிலும் சாவித்திரி ஒன்றுதான். வீட்டில் வயலின் பழகும் பிள்ளை இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் ஹோல்ஸ்டையே எடுங்கள். அந்தப் பள்ளித் தொகுப்பைப் பிள்ளைகள் வாசிக்க முடியும், வாசிக்கவும் ஆசைப்படுவார்கள்.

இந்தத் தையில் நானும் ஹோல்ஸ்டைத் தொடங்கியிருக்கிறேன். ரிக் வேதப் பாடல்களின் மூன்றாம் தொகுதி, பெண்குரல்களும் ஹார்ப்பும். முதல் பாடல் விடியல் தேவதையான உஷஸுக்கு. இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன்.